கோழிக் காலில் வெள்ளைப் பொருக்கு: வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள்

"வயசாயிடுச்சு டாக்டர், அதான் கால் இப்படி" என்றார் அந்த அம்மா. கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் நிறுத்திய கோழிக்கு நாலு வயது. சரியாகத் தீனி எடுக்கவில்லை, முட்டை நின்றுவிட்டது என்றுதான் கொண்டுவந்திருந்தார். காலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் இந்தப் பதில் வந்தது.

காலைக் கையில் ஏந்திப் பார்த்தேன். சுண்ணாம்பைக் குழைத்து அப்பியது போல இரண்டு கால்களிலும் தடித்த பொருக்கு. செதில்கள் ஒவ்வொன்றும் அடியிலிருந்து நெம்பிவிட்டாற்போல் தூக்கிக்கொண்டிருந்தன. விரல் இடுக்கில் வெடிப்பு, அதில் காய்ந்த ரத்தம். கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. வயசானதால் மட்டும் ஒரு கோழி அப்படி இழுக்காது. அதற்கு வலிக்கிறது. எத்தனை மாதமாக வலித்ததோ!

பொருக்கைக் கொஞ்சம் சுரண்டி, கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஆசாமிகள் தெரிந்துவிடுவார்கள்: உருண்டை உடம்பு, குட்டையான கால்கள். அறிவியல் பெயர் நெமிடோகாப்டெஸ் மியூட்டன்ஸ். செதில் உண்ணி என்று வைத்துக்கொள்ளலாம். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது என்பதால் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. மனிதருக்குச் சிரங்கு தரும் உண்ணிக்கு இது தூரத்து உறவு. ஆனால் மனிதர்மேல் தங்கி வாழாது. கோழியைத் தொடப் பயப்பட வேண்டாம்.

இந்த உண்ணி செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்து, அங்கேயே தின்று, அங்கேயே பெருகும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 2, 3 வாரம். அது குடையக் குடைய தோல் தடித்து, கழிவும் செத்த தோலும் சேர்ந்து பொருக்காகிச் செதிலை மேலே தள்ளுகிறது. கூண்டின் இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி வேறு, இது வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, கோழிமேல் பொடி தூவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். சாம்பலோ மண்குளியலோ இறகுப் பேனுக்கு உதவலாம். செதிலுக்கு அடியில் பதுங்கியிருப்பதை அந்தப் பொடி எப்படி எட்டும்?

ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கடினமில்லை. நல்ல காலில் செதில்கள் ஓடு வேய்ந்தது போலப் படிந்து, மேலிருந்து கீழாக விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். நோய் தொட்ட காலில் முதலில் பளபளப்பு போகும், பிறகு விரல் சொரசொரப்பில் மாட்டும். வயதான கோழிக்குச் செதில் கொஞ்சம் முரடாவது இயல்புதான். பொருக்கு கட்டுவது இயல்பில்லை. காலில் இறகு உள்ள இனங்களில் இறகை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும், அதனால் அவற்றில் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்ணில் படுகிறது. உள்ளங்காலில் மட்டும் வீங்கி நடுவில் கறுப்புப் பொருக்கு இருந்தால் அது வேறு நோய், கால் புண்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதலில் ஒரு கெஞ்சல்: மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், பழைய இன்ஜின் ஆயில் எதையும் தடவாதீர்கள். "அந்தக் காலத்தில் அதைத்தான் தடவினார்கள்" என்பார்கள். தோல் வெந்து, பொருக்கோடு சதையும் உரிந்து வந்த கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அதேபோல, பொருக்கை நகத்தால் பெயர்த்து எடுக்கவும் கூடாது. ஒட்டியிருக்கும் செதிலைப் பிய்த்தால் ரத்தம் வரும், அந்த வழியாகக் கிருமி புகும்.

சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது கோழி அடங்கியிருக்கும், அதுதான் நல்ல நேரம். துண்டில் சுற்றி, கண்ணையும் லேசாக மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு கலந்து, கால்களை 5, 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய, மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ்ஷால் செதில் படியும் திசையில், மேலிருந்து கீழே தேயுங்கள். தானாக உதிர்வது உதிரட்டும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகப் பூசி, செதில் இடுக்கெல்லாம் இறங்கும்படி அழுத்தித் தடவுங்கள். உண்ணிக்கு மூச்சு முட்டும், பொருக்கும் இளகும்.

ஒருநாள் செய்துவிட்டு நிறுத்தினால் பலனில்லை. முதல் வாரம் தினமும் பூசுங்கள், அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, குறைந்தது ஒரு மாதம். பார்க்க நன்றாக இருக்கிற கோழிகளுக்கும் சேர்த்துப் பூச வேண்டும். கால் மட்டும் ஆறினால் போதாது என்பதால், அவை ராத்திரி உட்காரும் கட்டையைச் சுரண்டிக் கழுவி, காய்ந்த பின் எண்ணெய் தடவுங்கள், படுக்கையையும் மாற்றிவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உட்காரும் அந்தக் கட்டையில்தான் உண்ணி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகிறது.

கோழி நொண்டினாலோ, கால் வீங்கிச் சுட்டாலோ, ரத்தம் கசிந்தாலோ எண்ணெயோடு நிற்காதீர்கள். ஐவர்மெக்டின் போன்ற உண்ணியைக் கொல்லும் மருந்து தேவைப்படும். பெரும்பாலும் 10 முதல் 14 நாள் இடைவெளியில் மறுபடி கொடுப்போம். அளவைக் கால்நடை மருத்துவர்தான் கோழியின் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் ஊற்றினால் கோழி செத்தே போகலாம். மருந்து முட்டையிலும் இறங்கும், ஆகவே எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்குப் போடும் உண்ணிச் சொட்டு மருந்தைக் கோழிக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி, உணவுக்கு வளர்க்கும் பறவைகளுக்கு ஆகாதது. 2017இல் ஐரோப்பாவில் பண்ணைகளில் சிவப்பு உண்ணியை ஒழிக்க அது கலந்த மருந்தை அடித்து, பல லட்சம் முட்டைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அந்த அம்மாவின் கோழி இரண்டு வாரத்தில் தீனிக்கு ஓடி வரத் தொடங்கியது. பொருக்கு முழுக்க உதிர மூன்று மாதம் பிடித்தது. உண்ணி செத்த பிறகும் கால் அசிங்கமாகத்தான் தெரியும், புதுச் செதில் வரும்வரை பொறுமை வேண்டும். ஒரு விரல் மட்டும் நகம் இழந்து வளைந்தபடியே நின்றுவிட்டது. அதை என்னால் திருப்ப முடியவில்லை. இப்போது அவர் வீட்டில் புதிதாக எந்தக் கோழி வந்தாலும், ஒரு மாதம் தனியாக வைத்து, டார்ச் அடித்துக் கால் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு விடுகிறாராம்.