தொப்பை இருக்கட்டும், தும்மினால் கசிகிறதா?

பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் பிசியோதெரபிக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "வயிறு எப்ப மேடம் உள்ள போகும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு. "இருமினா, தும்மினா யூரின் சொட்டுதாம்மா?" உடனே கூட வந்த அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவை வெளியே உட்கார வைத்த பிறகுதான் பதில் வரும்.

இடுப்பெலும்பின் அடிப்பகுதியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைத்தொகுதி இருக்கிறது. இதுதான் இடுப்பின் அடித்தளத் தசை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இதன்மேல்தான் இருக்கின்றன. சுகப்பிரசவத்தில் இது மிக அதிகமாக இழுபடும். சிலருக்குக் கிழியவும் செய்யும். "எனக்கு ஆபரேஷன்தானே, கீழே ஒன்றும் ஆகியிருக்காது" என்று சிசேரியன் ஆனவர்கள் சொல்வதுண்டு. ஒன்பது மாதச் சுமையைத் தாங்கியது அவர்களுடைய தசையும்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதனால் இந்த நினைப்பு சிறிய விஷயமல்ல.

நம் ஊர் வழக்கத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஓய்வு கொடுப்பதைச் சொல்லவில்லை, அது நல்ல வழக்கம். "பச்சை உடம்பு, அசையாதே" என்று தாய்வீட்டில் கட்டிலிலேயே வைத்திருக்கிறோம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குப் போன அன்றே தண்ணீர்க் குடம், ஈரத்துணி வாளி, மாடிப்படி எல்லாம் வந்துவிடுகின்றன. சாதாரண பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. படுக்கையிலிருந்து நேராகக் குடத்துக்குத் தாவினால் எந்த உடம்பும் தாங்காது. நடுவில் படிப்படியாக ஏற்ற வேண்டிய பளுவுக்குத்தான் உடற்பயிற்சி என்று பெயர்.

அந்தப் படி பிரசவமான மறுநாளே ஆரம்பிக்கிறது. மருத்துவர் தடுக்காதவரை அறைக்குள் மெல்ல நடக்கலாம், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரங்களில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அசையாமல் கிடந்தால் அது இன்னும் கூடும்.

அடுத்தது அடித்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் இதைப் பிரபலப்படுத்தினார். 'கெகல் பயிற்சி' என்ற பேர் தெரிந்த அளவுக்குச் செய்முறை தெரிவதில்லை. வாயு பிரியாமல் அடக்கும்போது எந்தத் தசை இறுகி மேலே ஏறுகிறதோ, அதுதான் நாம் தேடுவது. மூச்சை வெளியே விட்டபடியே மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தி, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். பலரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புட்டத்தையும் தொடையையும் இறுக்குவார்கள். முகம் சிவக்கும், கீழே ஒன்றும் நடந்திருக்காது. இன்னும் சிலர் சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுகிறார்கள். அதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். இழுப்பதைப் போலவே தளர்த்துவதும் முக்கியம். சிலருக்கு இந்தத் தசை இறுகிப்போயிருக்கும், உறவின்போது வலிக்கும். அவர்கள் முதலில் தளர்த்தத்தான் கற்க வேண்டும்.

இப்போது வயிறு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்காக வைத்து, தலையையும் தோளையும் லேசாகத் தூக்குங்கள். இரு பக்கமும் இரண்டு தசைப்பட்டைகள் இறுகுவது தெரியும். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுக்கோட்டில் முகடுபோலப் புடைத்தாலோ, தசை விலகியிருக்கிறது என்று அர்த்தம். நிறைமாதத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது விலகத்தான் செய்யும். முதல் இரண்டு மாதங்களில் பெரும்பாலும் தானே நெருங்கி வரும். சிலருக்கு அப்படியே நின்றுவிடும். இந்த நிலையில் யூடியூப் பார்த்துத் தினமும் நூறு சிட்அப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை. ஒவ்வொரு முறை எழும்போதும் உள்ளழுத்தம் கூடி, பலவீனமான நடுக்கோட்டை வெளியேயும் அடித்தளத்தைக் கீழேயும் தள்ளுகிறது. முகடு தெரியவைக்கும் எந்தப் பயிற்சியும் இப்போதைக்கு வேண்டாம். மூச்சை விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுப்பது, படுத்தபடி ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குவது போன்றவற்றில் தொடங்கினால் போதும்.

பழைய பருத்திப் புடவையால் வயிறு கட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். இதமாகக் கட்டினால் முதுகுக்கும் தையலுக்கும் ஆறுதல். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே போகும். கட்டு தசையை வளர்க்காது. அதைவிடக் கெடுதல், "தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்" என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது. மலம் இறுகி முக்கினால் நாம் தேற்ற நினைக்கும் தசைதான் அடிவாங்கும்.

சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரம் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம். கட்டிலிலிருந்து எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள். தோலில் தையல் ஆறியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே தசையைப் போர்த்திய உறுதியான சவ்வையும் கர்ப்பப்பையையும் வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது.

ஓட்டம், ஸ்கிப்பிங், ஜூம்பா எல்லாம் பிறகு. பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. அதற்குப் பிறகும் தேதி மட்டும் போதாது. 30 நிமிடம் நடப்பது, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது, ஒவ்வொரு காலிலும் 10 முறை துள்ளுவது: இவற்றில் கசிவோ வலியோ கீழே ஏதோ இறங்கும் கனமோ இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

உடற்பயிற்சியால் பால் வற்றாது. பால் கொடுத்துவிட்டுச் செய்தால் மார்பு கனக்காது, அவ்வளவுதான். நின்றுபோன உதிரப்போக்கு பயிற்சிக்குப் பிறகு மறுபடி சிவப்பாக வந்தால், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி அது. மாடி ஏறினாலே மூச்சு வாங்கினால் முதலில் ரத்தசோகையைச் சோதியுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துபோனாலோ பயிற்சிப் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்றைக்கு வெளியே உட்கார வைத்த அம்மாக்களில் சிலர் மகள் போனதும் தனியாக உள்ளே வருவார்கள். "எனக்கும் இவ பொறந்ததுல இருந்து அப்படித்தான் மேடம், இனிமே என்ன பண்றது?" பண்ணலாம். இருபது வருடம் ஆகியிருந்தாலும் இந்தத் தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம். கசிவு குறைய வாய்ப்பு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு போடும்போது கூச்சமாக இருந்தால் "இடுப்பு வலி" என்றே சொல்லுங்கள். மீதியை எங்களிடம் சொன்னால் போதும்.