பழைய ராலி செடான்கள் ஏன் அப்படித் திரும்பின? இன்றைய கார்களில் அந்தக் குணத்தைத் தேடும் வழி

ராலிப் பந்தயத்தோடு பிறந்த செடான்களான மிட்சுபிஷி லான்சர் எவொல்யூஷனையோ (சுருக்கமாக எவோ) சுபாரு இம்ப்ரேசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐயையோ (சுருக்கமாக எஸ்டிஐ) ஓட்டிப் பழகியவர்கள், அவற்றுக்கு ஈடாக இன்று என்ன வாங்கலாம் என்று தேடத் தொடங்கியதும் ஒரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். 1999இல் வந்த எவோ 6இன் எஞ்சின் 280 குதிரைத்திறன் கொண்டது. இன்றைய ஆடி ஆர்எஸ்3 செடான் 400 குதிரைத்திறன் தருகிறது, நான்கு சக்கரங்களையும் இயக்குகிறது, எந்தப் பந்தயத் தடத்திலும் பழைய காரை எளிதில் முந்திவிடுகிறது. அப்படியிருந்தும், வளைவுக்குள் நுழையும் கணத்தில் பழைய கார் தந்த உயிர்ப்பு புதிய காரில் குறைவு என்றே அவர்கள் சொல்கிறார்கள். இதைப் பழமையின் மீதுள்ள பற்று என்று தள்ளிவிட முடியாது. அந்த உயிர்ப்புக்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டவர், எந்தப் புதிய காரில் எந்தப் பங்கு எஞ்சியிருக்கிறது என்பதை விளம்பரத்தை நம்பாமல் தாமே கண்டறியலாம்.

அந்தக் கார்கள் பிறந்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் கோர விபத்துகளுக்குப் பிறகு குரூப் பி ராலி வகை கைவிடப்பட்டு, 1987 முதல் உலக ராலிப் போட்டியின் முதன்மை வகையாகக் குரூப் ஏ ஆனது. பந்தயத்தில் ஓடும் காரின் அதே அடிப்படையில் 5000 கார்களைப் பொதுமக்களுக்காகத் தயாரிக்க வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் இந்த எண்ணிக்கை 2500 ஆகக் குறைக்கப்பட்டது. பந்தயக் காருக்கு எது தேவையோ அதைத் தெருவில் ஓடும் காரிலேயே பொருத்தியாக வேண்டிய கட்டாயம் இதனால் உருவானது. பெரிய டர்போ, வலுவூட்டிய உடற்கூடு, அலுமினிய பானெட், பந்தயத்துக்கு ஏற்ற டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு விசையைப் பகிரும் பற்சக்கர அமைப்பு) ஆகியவை குடும்பத்துக்கான செடானுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான். 1992இல் வெளியான முதல் எவோவின் எடை சுமார் 1240 கிலோதான். 1995இல் காலின் மெக்ரே இம்ப்ரேசாவிலும், 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை டொம்மி மாக்கினென் லான்சரிலும் உலகப் பட்டம் வென்றார்கள். அதே லான்சர் குடும்பத்தின் சாதாரண வடிவம் 1998 முதல் சென்னைக்கு அருகே திருவள்ளூரில் தயாரானதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 1997இல் அறிமுகமான ‘வேர்ல்ட் ராலி கார்’ விதிகள், சாதாரணக் காரை எடுத்து அதற்கு டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் பந்தயக் கூடத்திலேயே பொருத்திக்கொள்ள இடம் கொடுத்தன. தெருக் காருக்கும் பந்தயக் காருக்கும் இருந்த தொப்புள்கொடி அத்துடன் அறுபடத் தொடங்கியது.

இனி இயற்பியலுக்கு வருவோம். ஒரு கார் வளைவில் திரும்பும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. பக்கவாட்டில் இழுத்து அதன் பாதை வளைக்கப்படுகிறது. கூடவே, காரின் உடல் தன் நடுவே செல்லும் செங்குத்து அச்சைச் சுற்றிச் சுழற்றப்படுகிறது. எவ்வளவு விரைவில் வளைவுக்குள் முகத்தைத் திருப்புகிறது என்று ஓட்டுநர் உணர்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். அதற்குத் தடையாக நிற்பது சுழற்சி நிலைமம். இது எடையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதன் இருமடியோடு சேர்ந்து கூடுகிறது. முன் பம்பருக்கு அருகே இருக்கும் பத்து கிலோ, இருக்கைக்கு அடியில் இருக்கும் பத்து கிலோவைவிடப் பல மடங்கு இடையூறு தருவது இதனால்தான். எவோ 6இன் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2510 மில்லிமீட்டர். அதே காலத்து இம்ப்ரேசாவுக்கு 2520. இன்றைய பிஎம்டபிள்யூ எம்3 செடானுக்கு இது 2857 மில்லிமீட்டர். அதன் எடையும் 1700 கிலோவைத் தாண்டுகிறது. மிகச் சிறந்த கார்தான் என்றாலும், திசை மாற்றும் கணத்தில் அதற்குள் சுழல வேண்டிய பொருளே மிக அதிகம்.

டயர் எவ்வளவு விசை தரும் என்பது அதன் மேல் அழுந்தும் சுமையைப் பொறுத்தது. 1400 கிலோ எடையுள்ள ஒரு கார் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு பிரேக் பிடிக்கிறது என்று கொள்வோம். புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும் அச்சுகள் இரண்டரை மீட்டர் இடைவெளியிலும் இருந்தால், சுமார் 140 கிலோ சுமை பின்சக்கரங்களை விட்டு முன்சக்கரங்களுக்கு இடம்பெயரும். முன் டயர்களின் பிடிமானம் கூடும், பின்புறம் இலேசாகும், கார் வளைவுக்குள் தானே சுழல விரும்பும். ராலி ஓட்டுநர்கள் இடது காலால் பிரேக்கைத் தொடுவதும், வளைவுக்கு முன் காரை ஒரு கணம் எதிர்த்திசையில் திருப்பிப் பிறகு உள்ளே வீசுவதும் இந்தச் சுமைப் பெயர்ச்சியைக் கருவியாக்கும் உத்திகளே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்புறம் மெல்ல விலகிவந்து காரை வளைவுக்குள் திருப்பும்படி அந்தச் செடான்கள் அமைக்கப்பட்டிருந்தன.

காலை மீண்டும் அழுத்தும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட கார்களின் பழைய நோய், வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்புறம் வெளிநோக்கி வழுக்கிப்போவது. இதையே அண்டர்ஸ்டியர் என்கிறோம். டயரிடம் இருக்கும் மொத்தப் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. முன்னோக்கித் தள்ளுவதற்கு ஒரு பகுதியைச் செலவிட்டால் பக்கவாட்டு விசைக்கு மிஞ்சுவது குறைந்துவிடும். முன்சக்கரங்கள் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் அவற்றுக்குப் பளு மிகும். சக்கரங்களின் வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் சாதாரண லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதை ஓரளவு மோசமாக்கவும் செய்யும். ஏனெனில் உராய்வுத் தட்டுகளால் ஆன எந்தக் கிளட்சும் வேகமாகச் சுழல்வதைப் பின்னுக்கு இழுத்து, மெதுவாகச் சுழல்வதை முன்னுக்குத் தள்ளும். சக்கரம் வழுக்காத நிலையில், வளைவின் வெளிப்புறச் சக்கரமே வேகமாகச் சுழல்வது. ஆகவே கிளட்ச் இறுகும்போது உட்புறச் சக்கரத்துக்கே முறுக்குவிசை போய்ச் சேருகிறது. கார் நேராகப் போக முற்படுகிறது.

மிட்சுபிஷியின் பொறியாளர்கள் 1996இல் எவோ 4இல் கொண்டுவந்த ‘ஆக்டிவ் யா கண்ட்ரோல்’ (காரின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இந்த இடத்தில்தான் தன் வேலையைக் காட்டியது. பின் டிஃபரன்ஷியலின் ஒரு பக்கத்தில் சிறிய பற்சக்கரத் தொகுதியும் இரண்டு கிளட்ச்களும் சேர்க்கப்பட்டன. ஒரு கிளட்சின் வெளிப்பகுதியைப் பற்சக்கரங்கள் டிஃபரன்ஷியல் கூட்டைவிட வேகமாகச் சுழற்றும். மற்றதன் வெளிப்பகுதியை மெதுவாகச் சுழற்றும். வேகமான கிளட்சை எண்ணெய் அழுத்தத்தால் இறுக்கினால், அது தன் பக்கத்துச் சக்கரத்தை, அந்தச் சக்கரம் வெளிப்புறத்தில் ஏற்கெனவே விரைவாகச் சுழன்றுகொண்டிருந்தாலும், மேலும் முன்னுக்குத் தள்ளும். மெதுவான கிளட்சை இறுக்கினால் அந்தச் சக்கரத்திலிருந்து எடுக்கப்படும் விசை எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேரும். ஸ்டியரிங் கோணம், சக்கரங்களின் வேகம், பக்கவாட்டு முடுக்கம் ஆகியவற்றைப் படித்து எதை எவ்வளவு இறுக்குவது என்று கணினி தீர்மானித்தது.

இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 600 நியூட்டன் மீட்டர் வேறுபாட்டை உருவாக்குவதாகவும், சக்கரத்தின் ஆரம் 0.31 மீட்டர் என்றும் கொள்வோம். வெளிச்சக்கரம் சுமார் 970 நியூட்டன் கூடுதலாகத் தள்ளும். உட்சக்கரம் அதே அளவு குறைவாகத் தள்ளும். சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இருந்தால், காரைச் சுழற்றும் முறுக்கம் ஏறத்தாழ 1450 நியூட்டன் மீட்டர். அந்த அளவுள்ள காரின் சுழற்சி நிலைமத்தை 2200 அலகுகள் என்று வைத்துக்கொண்டால், டயர்கள் தரும் எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்காமல், ஒவ்வொரு விநாடியும் கூடுதலாக 38 பாகை என்ற விகிதத்தில் காரின் முகம் திரும்பும் வேகம் கூடும். முன்னோக்கித் தள்ளும் மொத்த விசை இதில் சிறிதும் குறைவதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த எவோ வளைவின் உட்புறத்தை நோக்கி இறுகியதாக ஓட்டியவர்கள் சொல்வது இதைத்தான். என் கணிப்பில் தெருக் கார்களின் வரலாற்றிலேயே மிக அழகான எந்திரத் தீர்வுகளில் இது ஒன்று.

சுபாரு வேறு பாதையில் நடந்தது. தாழ்வாகப் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின் புவியீர்ப்பு மையத்தைக் கீழே இறக்கியது. முன், பின் அச்சுகளுக்கிடையே விசையைப் பகிரும் நடு டிஃபரன்ஷியல் பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பங்கு கொடுத்தது. அது எவ்வளவு இறுக வேண்டும் என்பதை ஓட்டுநரே ஒரு சிறு உருளையைத் திருகி முடிவு செய்யலாம். கடைசித் தலைமுறை எஸ்டிஐயில் முன், பின் பங்கீடு 41:59.

அடுத்து ஸ்டியரிங். வளைவில் திரும்பும் டயரின் தடம் சற்று முறுக்கிக்கொள்கிறது. தரையோடு ஒட்டும் பரப்பின் பின்பகுதியில் பக்கவிசை கூடுதலாக உருவாவதால், அந்த விசை சக்கரத்தை மீண்டும் நேராக்க முயல்கிறது. கையில் நாம் உணரும் கனம் பெருமளவு இதுவே. டயர் தன் பிடிமான எல்லையை நெருங்கும்போது, பக்கவிசை உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே, இந்த நேராக்கும் விசை தளரத் தொடங்கிவிடும். ஸ்டியரிங் ஒரு சிறிது இலேசாவதை விரல்கள் உணர்ந்தால், முன்சக்கரங்கள் வழுக்கப்போகின்றன என்று ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய பழைய ஸ்டியரிங் இந்தச் செய்தியைப் பெரிதாகத் திரிக்காமல் கடத்தியது. மின் மோட்டாரால் உதவும் ஸ்டியரிங்கில் கணினி தீர்மானிக்கும் கனம் குறுக்கே வருகிறது. தரையின் சிறு அதிர்வுகளோடு சேர்த்து இந்தச் செய்தியையும் வடிகட்டிவிடும் அபாயம் உண்டு. எஸ்டிஐ தன் இறுதி ஆண்டான 2021 வரை எண்ணெய் ஸ்டியரிங்கையே வைத்திருந்தது.

சஸ்பென்ஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சரளைச் சாலைக்காகச் சிந்திக்கப்பட்ட கார்களின் சக்கரங்கள் மேலும் கீழும் தாராளமாக நகர்ந்து, மேடுபள்ளத்திலும் தரையை விடாமல் பற்றின. தட்டையான பந்தயத் தடத்தில் நேரத்தைக் குறைப்பதற்காக விறைப்பாக்கப்பட்ட இன்றைய கார் கரடுமுரடான சாலையில் துள்ளுகிறது. துள்ளும் டயருக்குப் பிடிமானம் இல்லை.

இந்த அளவுகோல்களோடு இன்றைய சந்தையைப் பார்க்கலாம். எவோ 2016இல் முடிந்தது. சுபாரு இன்னும் டபிள்யூஆர்எக்ஸ் என்ற செடானைத் தயாரிக்கிறது என்றாலும், உருளையால் கட்டுப்படுத்தும் நடு டிஃபரன்ஷியல் அதில் இல்லை. உட்புறச் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து காரைத் திருப்பும் முறையே இருக்கிறது. பிரேக் முறை மலிவானது, பயனுள்ளதும்கூட. ஆனால் அது ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது. காரை முன்தள்ளிக்கொண்டே திருப்பும் உணர்வை அதனால் தர முடியாது.

எவோவின் பின் அச்சு செய்த வேலையைச் செடான் வடிவில் நெருங்கிச் செய்வது ஆடி ஆர்எஸ்3தான். அதன் பின் அச்சில் வழக்கமான டிஃபரன்ஷியலே இல்லை. இரண்டு சக்கரத் தண்டுகளுக்கும் தனித்தனி கிளட்ச் உண்டு. பின்னால் போகும் விசை முழுவதையும் வெளிச்சக்கரத்துக்கே அனுப்ப முடியும். இத்தகைய அமைப்பின் நுட்பத்தை 2016இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் தெளிவாகக் காட்டியது: பின் அச்சின் பல் விகிதம் முன் அச்சைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு வேகமாகச் சுழலும்படி அமைக்கப்பட்டதால், வளைவின் வெளிச்சக்கரத்தைவிடக் கிளட்சின் உள்வரும் பக்கம் வேகமாகவே இருந்தது, அதனால்தான் அதைத் தள்ள முடிந்தது. மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் சிஎல்ஏ 45 எஸ் காரிலும் இரு கிளட்ச் பின் அச்சு உண்டு. ஆனால் ஆர்எஸ்3 செடானின் எடை சுமார் 1575 கிலோ, எவோ 6ஐவிட இருநூறு கிலோவுக்கும் மேல் அதிகம். ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன் அச்சுக்கு அருகே குறுக்காக உட்கார்ந்திருப்பது அந்தச் சுமையை இன்னும் உணரவைக்கிறது.

மறுபுறம் டொயோட்டா ஜிஆர் யாரிஸ், செடான் அல்ல, மூன்று கதவுள்ள சிறிய ஹேட்ச்பேக். ஆனால் குரூப் ஏ காலத்தைப் போலவே ராலிப் போட்டியின் தேவைக்காகவே 2020இல் பிறந்தது. எடை 1280 கிலோ, அச்சுகளின் இடைவெளி 2560 மில்லிமீட்டர். இவை 1990களின் ராலி செடான்களின் அளவுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூரையில் கார்பன், கதவுகளிலும் பானெட்டிலும் அலுமினியம், பின்னால் நகர்த்தப்பட்ட பேட்டரி என எல்லாமே எடையைக் குறைத்து, அதை முன்னும் பின்னும் சீராகப் பகிரும் முயற்சிகள். இடது, வலது சக்கரங்களுக்கிடையே விசையைத் தேர்ந்து அனுப்பும் அமைப்பு இதில் இல்லை. விரும்பினால் முன்னும் பின்னும், பற்சக்கரங்களாலேயே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டார்சன் டிஃபரன்ஷியல் பெறலாம். கணினியின் உதவியைக் காட்டிலும் இலேசான உடலால்தான் இந்தக் கார் திரும்புகிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இதையே எடுப்பேன். இலேசான உடல் பிரேக்கிலும் டயரிலும் ஸ்டியரிங்கிலும் ஒருசேரப் பயன் தருகிறது, அதை மென்பொருளால் பின்னர் சேர்க்க முடியாது. நான்கு கதவு கட்டாயம் வேண்டுமென்றால் அதே எஞ்சினோடு வரும் ஜிஆர் கொரோலா உண்டு. ஆனால் நீளமும் கனமும் கூடுதல்.

மின்கார்களுக்கு இந்தத் துறையில் இயல்பான வாய்ப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி மோட்டார் இருந்தால், கிளட்சின் வேக விதி குறுக்கிடாமல் எந்தச் சக்கரத்துக்கும் எவ்வளவு விசையையும் கணத்தில் அனுப்பலாம். பேட்டரியின் எடைதான் தடை. ‘ஹூண்டாய் ஐயானிக் 5 என்’ (N) மின்காரின் எடை சுமார் 2200 கிலோ.

பழைய எவோவையே வாங்க முடிவு செய்பவர்கள், உப்பு தூவும் குளிர்நாடுகளில் ஓடிய கார் என்றால் பின் டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய் அழுத்தம் தரும் பம்பை முதலில் பார்க்க வேண்டும். எவோ 10இல் அது பின்சக்கரத்தின் அருகே, நீரும் உப்பும் படும் இடத்தில் இருப்பதால் துருப்பிடித்துச் செயலிழப்பது பரவலாக அறியப்பட்ட குறை. அந்தப் பம்ப் நின்றுவிட்டால் கார் ஓடும், நான்கு சக்கரங்களும் இயங்கும். வெளிச்சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் வேலையும் நடு டிஃபரன்ஷியலை இறுக்கும் வேலையும் நடக்காது.