தடைக்காலத்துக்குப் பின் பிறக்கும் சர்வர்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது, ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் யாரும் நாட்காட்டி பார்க்காமலே சொல்லக்கூடிய செய்தி. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் இறாலும் கணவாயும் நண்டும் கொள்முதல் செய்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களின் கணினிச் சுமையும் இதே தேதிகளை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. வரத்து நின்றுபோகும் நாட்களில், கிளவுடில், அதாவது இணையம் வழியாகக் கிடைக்கும் வெளி நிறுவனக் கணினிகளில், வாடகைக்கு ஓடும் சர்வர்களில் பெரும்பாலானவற்றைத் தானியக்கத் தளம் அழித்துச் செலவை மிச்சப்படுத்துகிறது. படகுகள் கரை திரும்பத் தொடங்கியதும் புதிய சர்வர்களை அதுவே உருவாக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகும், பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு இருப்பதால், வாரம் தோறும் சில சர்வர்கள் பிறப்பதும் மறைவதுமாகவே இருக்கின்றன. இந்நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கணினிப் பராமரிப்பு செய்துவரும் அனுபவத்திலிருந்து, இந்தப் பிறப்பு இறப்புக் கணக்கைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

டெராஃபார்ம் போன்ற தானியக்கக் கருவிக்குச் சர்வரை உருவாக்கத் தெரியும். அதற்குள் எந்த மென்பொருள், எந்தக் கடவுச்சொல், எந்தத் தரவுத்தள முகவரி இருக்க வேண்டும் என்பதைப் பப்பெட், சால்ட், ஆன்சிபிள் போன்ற அமைவு மேலாண்மைச் சேவைகள் பார்த்துக்கொள்கின்றன. இரண்டையும் இணைத்துத் தருவதாகச் சொல்லும் விற்பனையாளர்களின் படத்தில் இவற்றுக்கு நடுவே ஓர் அம்புக்குறி மட்டும் இருக்கும். சிக்கல் முழுவதும் அந்த அம்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

பப்பெட்டை எடுத்துக்கொள்வோம். புதிய சர்வரில் உள்ள முகவர் மென்பொருள் தனக்கென ஒரு ரகசிய எண்சாவியை உருவாக்கி, அடையாளச் சான்றிதழ் கேட்டு 8140 என்ற போர்ட் (இணைப்பு வாசல்) வழியாக மையத்தில் இருக்கும் பப்பெட் சர்வருக்கு விண்ணப்பிக்கிறது. கையெழுத்தான சான்றிதழ் கிடைத்த பிறகுதான் அதற்குரிய அமைவுகள் வந்து சேரும். ஒரு காலத்தில் பொறியாளர் ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட்டார். ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையினர் பதிவு எண்ணைச் சரிபார்த்து அனுமதி டோக்கன் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு அது. விடியற்காலை மூன்று மணிக்குத் தானாகப் பிறக்கும் சர்வருக்குக் கையெழுத்திட யாரும் விழித்திருப்பதில்லை என்பதால், கையெழுத்தையும் தானியக்கமாக்க வேண்டியதாயிற்று. அதற்கான கோப்பில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியை இட்டால் போதும், கேட்பவர் அனைவருக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும். உற்பத்திச் சூழலில் ஒருபோதும் இதைச் செய்யக்கூடாது என்று பப்பெட்டின் ஆவணமே சொல்கிறது, ஆனாலும் செய்கிறார்கள்.

ஏன் செய்கிறார்கள் என்பதற்கு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கண்டதைச் சொல்கிறேன். அங்கே சர்வர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை எண்ணே பெயர். ஏப்ரலில் தளம் அவற்றை அழித்தபோது, அந்தச் செய்தி பப்பெட் சர்வருக்குப் போகவில்லை. பழைய சான்றிதழ்கள் அப்படியே இருந்தன. தடைக்காலம் முடிந்து அதே பெயரில், ஆனால் வேறு சாவியோடு வந்த புதிய சர்வர்களைப் பப்பெட் ஏற்க மறுத்தது. தளத்தின் திரையில் எல்லாம் பச்சை. இணையப் பக்கம் பதில் சொல்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது. சர்வர்களை வார்த்தெடுக்கும் படிவத்தில் ஏற்கெனவே இருந்த பழைய மென்பொருளும் பதில் சொல்லத்தானே செய்யும்! எடை போட்ட இறால் பெட்டிகளின் பதிவுகள் எங்கும் போய்ச் சேராமல், கணக்குப்பிள்ளை நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார். அவசரத்தில் அங்கிருந்த ஒப்பந்தப் பணியாளர் நட்சத்திரக் குறியை இட்டார். அது உதவவில்லை, ஏனென்றால் தடை பெயர் மோதலில் இருந்தது. எனவே, இருக்கும் சான்றிதழின் மேல் புதிய விண்ணப்பம் எழுதிக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பையும் இயக்கினார். வேலை நடந்தது. ஆனால் இவ்விரண்டும் சேர்ந்தால், அந்தப் போர்ட்டை எட்டக்கூடிய எவரும் தரவுத்தள சர்வரின் பெயரைச் சொல்லி, அதற்குரிய கடவுச்சொற்களைப் பெற்றுக்கொண்டு போகலாம்.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. 2020 ஏப்ரல் இறுதியில் சால்ட்டில் அடையாளச் சோதனையையே தாண்டிச் செல்லக்கூடிய ஓட்டை வெளிவந்தபோது, இணையத்தில் திறந்து கிடந்த 6,000-க்கும் மேற்பட்ட தலைமைச் சர்வர்களை ஆய்வாளர்கள் கண்டனர். மே முதல் வாரத்திலேயே லினேஜ்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளத் திட்டம், கோஸ்ட் என்ற வலைப்பதிவுத் தளம் ஆகியவற்றின் சர்வர்கள் தாக்கப்பட்டன. அமைவு மேலாண்மை சர்வர் ஒன்று வீழ்ந்தால், அதன் சொல்லைக் கேட்கும் எல்லாச் சர்வர்களும் வீழும். அது பொது இணையத்தில் இருக்கவே கூடாது.

சரியான இணைப்பில், கையெழுத்திடும் முன் பப்பெட் ஒரு சிறு நிரலை அழைக்கிறது. அந்த நிரல் கிளவுட் கணக்கிடமே விசாரிக்கும்: இந்த அடையாள எண்ணில் சர்வர் உண்டா, நம் கணக்கில்தானா, சில நிமிடங்களுக்கு முன் பிறந்ததுதானா? விண்ணப்பத்தில் ஒரு ரகசியச் சொல்லையும் வைத்துச் சோதிக்கலாம். ஆனால் அச்சொல்லைச் சுமந்து செல்லும், ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட் சேவை) சர்வருக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் தரவை, 169.254.169.254 என்ற முகவரியில் அதே சர்வரில் ஓடும் எந்த நிரலும் படித்துவிட முடியும் என்பதால், அச்சொல் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகி உடனே காலாவதியாக வேண்டும். சர்வரின் பொறுப்பு என்ன என்பதைச் சான்றிதழுக்குள்ளேயே பதித்துவிடுவது நல்லது. சர்வர் தன்னைப் பற்றித் தானே அனுப்பும் விவரத்தை, அதைக் கைப்பற்றியவர் மாற்றிச் சொல்ல முடியும். வரிசை எண்ணுக்குப் பதிலாகக் கிளவுட் தரும் அடையாள எண்ணையே பெயராக்கினால், பெயர் மோதல் என்ற பேச்சே எழாது. என் கணிப்பில், பாதித் தொல்லை இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

சர்வர் பச்சை காட்டுவதும், முதல் அமைவு ஓட்டம் முடிந்த பிறகாக இருக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: ஓட்டம் எப்படி முடிந்தது என்பதை எண்ணால் சொல்லும் விரிவான முடிவுக் குறியீடுகளைக் கேட்டு ஓட்டினால், மாற்றங்கள் வெற்றிகரமாக நடந்ததைப் பப்பெட் 2 என்ற எண்ணால் தெரிவிக்கும், 1-ம் 4-ம் 6-ம்தான் தோல்வி. பூஜ்யம் அல்லாத எதையும் தோல்வியாகக் கொள்ளும் தளம், நன்றாகப் பிறந்த சர்வரை அழித்து வேறொன்றை உருவாக்கும், அதையும் அழிக்கும். வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

இறப்பையும் இதே கவனத்தோடு பதிய வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸில் சுமைக்கேற்பத் தானாகக் கூடிக் குறையும் சர்வர் குழுக்களில், அழிக்கும் முன் நிறுத்திவைக்கும் கொக்கி ஒன்றைப் பொருத்தலாம். இயல்பாக அது ஒரு மணி நேரம் காத்திருக்கும், அதற்குள் சான்றிதழை ரத்து செய்துவிடலாம். மலிவு வாடகையில் கிடைக்கும் ஸ்பாட் சர்வர்களுக்கு இரண்டு நிமிட முன்னறிவிப்புதான் என்பதால், கொக்கியை மட்டும் நம்பியிராமல், நாள்தோறும் கிளவுடின் பட்டியலையும் சான்றிதழ்ப் பட்டியலையும் ஒப்பிட்டுத் துடைக்கும் ஏற்பாடும் தேவை.

இணைப்பை வெளியாரிடம் ஒப்படைத்திருக்கும் நிறுவனங்கள், அந்த இரண்டு பட்டியல்களையும் அச்சிட்டுத் தரும்படி இந்த வாரமே கேட்கலாம். ஓடுவது பன்னிரண்டு சர்வர், செல்லுபடியாகும் சான்றிதழ் எண்பது என்று வந்தால், மிச்சமுள்ள அறுபத்தெட்டும் யாருடையவை என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிவிட்டு அடுத்த மாத பில்லுக்குக் கையெழுத்திடுங்கள்.