இருட்டில் உங்கள் கண்: ஒளிரும் நீரில் கயாக் விடப் போகிறவர்களுக்கு

நீண்ட விடுமுறை வந்தால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பங்கள் பல தாய்லாந்துக்கோ அந்தமானுக்கோ டிக்கெட் போட்டுவிடுகின்றன. கிராபியிலும் ஹவ்லொக் தீவிலும் வழிகாட்டி ஒருவர் இரவில் கயாக்கில் கூட்டிப்போய், துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாக மின்னும் நீரைக் காட்டுவார். ஃபுளோரிடாவில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு அங்குள்ள இந்தியன் ரிவர் களப்பு இருக்கிறது. போகிறவர்கள் உயிர்காப்பு அங்கி தருவார்களா, பிள்ளைகளை ஏற்றுவார்களா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஆனால் தங்கள் கண் இருட்டில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு. கண் வைத்தியராக இருக்கும் எனக்கு அதுதான் கவலை.

முதலில் நாள் பார்ப்பது. நமக்கு லீவு கிடைப்பது போயாவை ஒட்டித்தான். போயா என்றால் பௌர்ணமி. முழு நிலவு வெளிச்சத்தில் இந்த ஒளி கரைந்துபோய்விடும். உலகிலேயே மிகப் பிரகாசமானது என்று கின்னஸில் இடம்பிடித்த புவேர்ட்டோ ரிக்கோவின் மொஸ்கிட்டோ விரிகுடாவில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பல நிறுவனங்கள் படகே விடுவதில்லை. வீட்டுக் கலண்டரில் அமாவாசையைப் பார்த்து நாள் குறியுங்கள். போயா லீவை விட்டால் வழியில்லை என்பவர்கள் போயா கழிந்து மூன்று, நான்கு நாள் தள்ளிப் போகலாம். நிலவு ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் போலப் பிந்தித்தான் எழும். அதனால் முன்னிரவில் நல்ல இருட்டுக் கிடைக்கும்.

அந்த ஒளி டைனோஃபிளஜெலேற் என்ற ஒற்றைக்கல நுண்ணுயிர்களுடையது. நீர் அசைந்து அவற்றின் மேல் அழுத்தம் பட்டதும் கலத்துக்குள் அமிலத்தன்மை கூடி, லூசிஃபெரின் என்ற பொருள் ஒட்சியேற்றமடைந்து ஒளி வரும். ஒரு மின்னல் ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். அதன் அலைநீளம் 475 நனோமீற்றர் அளவு. நமது விழித்திரையில் இருட்டுப் பார்வைக்கென்று இருக்கும் கோல் கலங்கள் 500 நனோமீற்றரை ஒட்டிய ஒளிக்குத்தான் மிகக் கூர்மையாகத் துலங்கும். இரண்டும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன பாருங்கள். இதைப் பார்க்கக் கோல் கலத்தை விடப் பொருத்தமான ஒன்று நம் உடம்பில் இல்லை.

ஆனால் கோல் கலங்களுக்கு நேரம் வேண்டும். அவற்றில் ஒளியை உணரும் நிறமியான ரொடொப்சின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், அது மறுபடி சேர முப்பது, நாற்பது நிமிடம் எடுக்கும். விழித்திரையின் மின் துலங்கலைப் பதிவுசெய்யும் ஈஆர்ஜி பரிசோதனைக்கு முன் நோயாளியைக் குறைந்தது 20 நிமிடம் இருட்டில் வைத்திருக்கிறோம். படகில் ஏறுமுன் உங்களுக்கும் அதுதான் தேவை. இடையில் ஒருவர் வட்ஸ்அப் பார்க்கப் போனைத் திறந்தால், அவருடைய கண்ணும் பக்கத்தில் இருப்பவருடைய கண்ணும் பழையபடி பின்னுக்குப் போய்விடும். நல்ல வழிகாட்டிகள் மங்கலான சிவப்பு ரோர்ச் மட்டும் வைத்திருப்பார்கள், ஏனென்றால் கோல் கலங்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. வெள்ளை ரோர்ச் அடிக்கும் வழிகாட்டியிடம் அணைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பயணம் முடிந்து வந்து, “டொக்டர், படத்தில இருந்த மாதிரி நீலமாத் தெரியேல்ல, சாம்பல் வெள்ளையாத்தான் இருந்தது, கண்ணில ஏதும் கோளாறோ?” என்று கேட்பவர்களும் உண்டு. கோளாறு இல்லை. மங்கலான ஒளியில் கோல் கலங்கள்தான் வேலை செய்கின்றன, அவற்றுக்கு நிறம் தெரியாது. கமரா பல செக்கன் திறந்திருந்து ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது, கண் அப்படிச் செய்வதில்லை. இன்னொன்று, நேரே உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். பார்வையின் நட்டநடுவில் கோல் கலமே கிடையாது.

சாம்பலாகத் தெரிவது இயல்பு. ஒன்றுமே தெரியாமல் இருப்பது அப்படியல்ல.

ஒரு தாய் பதினேழு வயது மகனைக் கூட்டிவந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குடும்பமாகக் கிராபி போய்வந்திருக்கிறார்கள். “எல்லாரும் அங்க பார், இங்க பார் எண்டு கத்துறம். இவன் மட்டும் எங்கையம்மா, எங்கையம்மா எண்டு கேட்டுக்கொண்டிருந்தவன். போன் நோண்டினதாலதான் எண்டு ஏசிப்போட்டன்,” என்றார். பையன் மெதுவாக, “எனக்குப் படகு எங்க நிக்குது எண்டே தெரியேல்ல டொக்டர். தம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறினனான்,” என்றான்.

பலகையில் கடைசி வரி வரை பிழையில்லாமல் வாசித்தான், 6/6. பிறகு அறையின் விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். கதவுக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம் மட்டும். கதவடிக்குப் போகச் சொன்னேன். தாய் எழுந்து நேரே போய்விட்டார். பையன் ஒரு காலை முன்னே நீட்டி, நிலத்தைத் தடவி, கையை இடுப்பளவில் விரித்துக்கொண்டு நடந்தான். நடுவில் இருந்த ஸ்டூலில் முழங்கால் இடித்தது. அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. மகனுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுப் பார்த்தபோது விழித்திரையின் ஓரமெங்கும் கறுப்பு நிறமிகள் படிந்திருந்தன, இரத்தக் குழாய்கள் மெலிந்திருந்தன. ரெட்டினைற்றிஸ் பிக்மென்றோசா. கோல் கலங்கள் முதலில் அழியும் பரம்பரை நோய். உலகளவில் ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு ஒருவருக்கு வருகிறது. பெற்றோர் சொந்தத்துக்குள் முடித்தவர்களா என்று கேட்டேன். “ஓம், இவற்ற அப்பா எனக்குச் சொந்த மச்சான்.” மச்சான் மச்சாள் கலியாணத்தில் இந்த நோயின் ஒரு வகை வரும் வாய்ப்புக் கூடுகிறது. நமது சமூகத்தில் இதை வெளிப்படையாகப் பேசுவது அவசியம். ஆனால் அந்தப் பெற்றோரைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரிப் பேசக்கூடாது. தம்பியையும் கூட்டிவரச் சொன்னேன்.

இதற்கு முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆர்பிஈ65 என்ற ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும் 2017 இல் அமெரிக்கா ஒரு மரபணுச் சிகிச்சையை அனுமதித்தது. எந்த மரபணு என்று தெரிந்துகொள்வதற்கே அதனால் மதிப்பு உண்டு. அதைவிட முக்கியமானது, அந்தப் பையன் அடுத்த வருடம் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்க இருந்தான். இரவில் காலி வீதியில் ஓடியிருப்பான்.

பதினேழு வயதுவரை இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். கொழும்பில் இருட்டே இல்லை. மரைன் டிரைவிலும் வெளிச்சம், ஒழுங்கைக்குள்ளும் வெளிச்சம், அறைக்குள் போன் வெளிச்சம். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனபோதுதான் சில வீடுகளில் பிள்ளை சுவரைப் பிடித்து நடப்பது கண்ணில் பட்டது. மின்வெட்டு முடிந்ததும் அதுவும் மறந்துபோயிற்று. இருட்டத் தொடங்கியதும் கையைப் பிடிக்கும் பிள்ளை, தியேட்டருக்குள் இருக்கையைத் தடவித் தேடும் பிள்ளை, பக்கத்தில் இருக்கும் கதிரையில் அடிக்கடி இடிபடும் பிள்ளை இருந்தால் “கவனமில்லாதவன்” என்று ஏசாதீர்கள். கண்ணைக் காட்டுங்கள். தேசிய கண் வைத்தியசாலையிலும் காட்டலாம். போகும்போது “இரவில் தெரிவதில்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலகையை மட்டும் வாசித்தால் இது பிடிபடாது.

பெரியவர்களுக்கு வேறு காரணங்கள். சீனி வருத்தத்தால் விழித்திரை பாதித்து லேசர் வைத்தவர்களுக்கு ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் குறையும். பார்வையைக் காக்க அந்த லேசர் தேவைதான், அதற்காகப் பின்வாங்க வேண்டாம். வயது போகப் போகக் கண்மணி இருட்டில் முன்போல் விரியாது. வில்லையும் மஞ்சளாகி, நீல ஒளியைத்தான் அதிகம் தடுக்கும். குளோகோமா (பார்வை நரம்பு பாதிக்கப்பட்டு ஓரப் பார்வை குறையும் நோய்) உள்ளவர்கள் தங்கள் பார்வைப் புலம், அதாவது கண்ணுக்குத் தெரியும் பரப்பு, எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடல் எடை குறைக்க இரைப்பை, குடல் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், நாட்பட்ட ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் விற்றமின் ஏ குறைந்து மாலைக்கண் வரலாம். அது மருந்தால் மாறக்கூடியது. ஆனால் ஃபாமசியில் நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், கூடினால் ஈரலைக் கெடுக்கும்.

இப்படியானவர்கள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனிக் கயாக் வேண்டாம். இருவர் போகும் கயாக்கில் முன்னே இருந்துகொண்டு, திசை பிடிப்பதைப் பின்னால் இருப்பவரிடம் விடுங்கள். வழிகாட்டியிடம் கரையிலேயே சொல்லிவிடுங்கள். விழுவது பெரும்பாலும் இறங்குதுறையிலும் பாசி பிடித்த படியிலும்தான், தண்ணீரில் அல்ல. கண்ணாடி போடுபவர்கள் அதற்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

நுளம்பு மருந்து பூசிய கையால் கண்ணைக் கசக்க வேண்டாம். அது அந்த நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. மொஸ்கிட்டோ விரிகுடாவில் நீந்துவதையே தடைசெய்திருக்கிறார்கள்.

கொன்ராக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கடல் நீரிலும் களப்பு நீரிலும் அகன்தமீபா என்ற உயிரி இருக்கலாம். லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் அது அகப்பட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்கவேண்டிய புண் உண்டாகும். தெரியாமல் போட்டுக்கொண்டு போய்விட்டால், கரைக்கு வந்ததும் கையைக் கழுவிக் கழற்றிவிடுங்கள், திரும்பப் போடாதீர்கள். அடுத்த நாட்களில் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாதபடி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள், அந்த லென்ஸையும் பெட்டியையும் எறியாமல் கொண்டுவாருங்கள். கிருமி எது என்று அதிலிருந்தும் பரிசோதிக்கலாம்.