கரண்ட் வைத்தால் முட்டி வலி போய்விடுமா?

"தம்பி, கரண்ட் வைக்கணும்னு சொன்னாங்க." பிசியோதெரபிக்கு எங்கள் பக்கம் இதுதான் பெயர்.

பூ கட்டி விற்கும் ஒரு அக்காவும் அப்படிச் சொல்லிக்கொண்டேதான் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். ஏற்கெனவே வேறொரு இடத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தாயிற்று. வைத்த அன்றைக்கு இதமாக இருக்கும், மறுநாள் நாலு படி ஏறினால் பழைய வலிதான். எக்ஸ்ரேயைப் பார்த்த யாரோ "ஜவ்வு தேஞ்சிடுச்சு, அதிகம் நடக்காதீங்க" என்று சொல்ல, ஆறு மாதமாக நடையையே சுருக்கிக்கொண்டுவிட்டார். டேப் வைத்து அளந்தேன். வலிக்கிற காலின் தொடை, மற்றதைவிட 2 செ.மீ. மெலிந்திருந்தது.

சிக்கல் அங்கேதான். நடக்கும்போது முட்டியில் இறங்கும் அதிர்வைத் தொடையின் முன்தசை தாங்கிக்கொள்ள வேண்டும். வலிக்குப் பயந்து காலை முடக்கினால் தசை மெலியும், பாரம் மூட்டுக்குப் போகும், வலி கூடும், இன்னும் முடங்குவோம். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், உடற்பயிற்சியை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறது. 'கரண்ட்' வைக்கும் டென்ஸ், ஐஎஃப்டி மெஷின்களுக்கும், ஒலி அலையைச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கும் போதிய ஆதாரமில்லை, கொடுக்க வேண்டாம் என்கிறது. மூன்று மெஷின் வாங்கிப் போட்டிருக்கும் நான் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.

அக்காவுக்கு முதலில் கொடுத்தது ஒரு துண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துக் கீழ்நோக்கி அமுக்க வேண்டும். 5 விநாடி, 10 தடவை, மூச்சை அடக்காமல். இரண்டாவது வாரம், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி தங்கினால், முட்டி வீங்கினால், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கடையில் தரையில் உட்காராமல் உயரமான ஸ்டூல் போடச் சொன்னேன், அதற்குத்தான் ரொம்ப யோசித்தார்.

முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் பயிற்சி கிடையாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆறாவது வாரம் அக்கா உள்ளே வந்தார், நாற்காலியில் பத்து தடவை எழுந்து உட்கார்ந்து காட்டினார். மெஷின் பக்கம் கையைக் காட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, பூ வாடிடும்."