நம்பர் மலைப் பலகையும் அலுமினியத் தகட்டின் குணமும்

தேயிலைத் தோட்டங்களில் ஒவ்வொரு தேயிலைப் பகுதியையும் மலை என்பார்கள்; மலைக்கு மலை ஒரு சின்னப் பலகை நிற்கும். மலையின் நம்பர், எத்தனை ஹெக்டேயர், எந்த ஆண்டு கன்று நட்டது என்று அதில் எழுதியிருப்பார்கள். இரும்புத் தகடாக இருந்தால், நம் பக்கத்துப் பனிக்கும் மழைக்கும் ஆணித்துளையிலிருந்தே துரு கிளம்பி எழுத்தைத் தின்றுவிடும். அலுமினியம் அப்படியில்லை. காற்றுப் பட்டதுமே அலுமினியம் ஒட்சைட்டு மெல்லிய தோலாக அதன்மேல் படிந்து, உள்ளிருப்பதைக் காக்கிறது. இரத்தினபுரியில் தோண்டியெடுக்கும் நீலக்கல்லும் இதே சேர்வைதான்.

ஹட்டனில் பலகை செய்யும் தம்பி ஒருவர் இதுவரை ஜிக்சோவால் வெட்டி, அரத்தால் பிசிறு எடுத்து வந்தார். பத்துப் பலகைக்கு அது சரி. நானூறு பலகைக்கு வேலை வந்ததும், "எந்த மெஷின்ணே வாங்குறது?" என்று கேட்டார். பலகை என்ன வடிவம் என்றுதான் நான் முதலில் கேட்டேன். 300க்கு 200 மில்லிமீற்றர், 2 மில்லிமீற்றர் தடிப்பு, நான்கு மூலையும் வளைவு, இரண்டு துளை. அப்படியானால் முதலில் கில்லட்டின் வாங்கு என்றேன், நீண்ட அலகு இறங்கித் தகட்டை நேர்கோட்டில் துண்டிக்கும் மெஷின் அது. சுழலும் அலகால் எந்த வடிவத்தையும் சீவி வெட்டும், கணினியில் ஓடும் ரவுட்டர்மேல் அவருக்கு ஆசை. முகம் கொஞ்சம் வாடிப்போனது.

கில்லட்டின் தகட்டை முழுவதும் அறுப்பதில்லை. அலகு மேலிருந்து சிறிது இறங்கியதும் இரு பக்கமும் வெடிப்புக் கிளம்பி நடுவில் சந்திக்கும். தகடு அங்கே பிரியும். வெடிப்புகள் நேராகச் சந்திக்க, மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடைவெளி தடிப்பில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். நம் தகட்டுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர். அதற்கு மேல் போனால் ஓரம் மடிந்து பிசிறு தள்ளும்.

மேல் அலகு ஏன் சாய்வாக இருக்கிறது? பலகைகளுக்கு அதிகம் பயன்படும் 5052 என்ற அலுமினியக் கலப்புலோகத்தைத் துண்டிக்க ஒரு சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 138 நியூற்றன் விசை வேண்டும். 1220 மில்லிமீற்றர் அகலத்தை ஒரே நேரத்தில் துண்டிப்பதானால் 34 தொன் பாரத்துக்குச் சமம். அலகை ஒன்றரைப் பாகை மட்டும் சாய்த்துவிட்டால், எந்தக் கணத்திலும் ஒரு சிறு முக்கோணம்தான் வெட்டுப்படும். ஏறக்குறைய 1 தொன் போதும். தகடு எவ்வளவு அகலமானாலும் அந்த 1 தொன் கூடுவதில்லை. கேத்திரகணிதம் இவ்வளவு நேரடியாகக் காசை மிச்சம் பிடிக்கும் இடம் வேறு அதிகம் இல்லை.

கழிவிலும் அப்படித்தான். 2440க்கு 1220 தகட்டில் நம் பலகை எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் 48 வரும். கில்லட்டின் தூள் எதையும் எடுப்பதில்லை என்பதால் 48ம் கிடைக்கும். 6 மில்லிமீற்றர் ரவுட்டர் அலகு ஒவ்வொரு வெட்டிலும் 6 மில்லிமீற்றரைச் சீவலாக்குவதால் ஏழுக்கு ஐந்து, 35தான். எல்லாப் பலகையையும் திருப்பி அடுக்கினாலும் 44தான். 3 மில்லிமீற்றர் அலகில் 48 அடங்கும். ஆனால் தகட்டை இறுக்கிப் பிடிக்க ஓரம் மிஞ்சாது, மெல்லிய அலகும் சீக்கிரம் முறியும். மூலை வளைவையும் துளையையும் அச்சை அழுத்தி வெட்டும் ஒரு சிறு பிரஸ் பார்த்துக்கொள்ளும்.

வட்டம், அம்புக்குறி, வெட்டி ஒட்டும் எழுத்து என்று வந்தால்தான் ரவுட்டர். இங்கே, வேகமாக ஓட்டினால் அலகு உடையும் என்ற ஒரு பயத்தைப் போக்க வேண்டும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகி அலகில் அப்பிக்கொள்ளும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோவது சீவல்தான். ஒரு வெட்டு விளிம்புள்ள அலகு நிமிடத்துக்கு 18,000 முறை சுற்றி, சுற்றுக்கு 0.1 மில்லிமீற்றர் சீவினால், நிமிடத்துக்கு 1800 மில்லிமீற்றர் நகர வேண்டும். அலகு உடையுமோ என்று 300க்கு இறக்கினால் சீவல் 0.017 மில்லிமீற்றராகச் சுருங்கும். அலகு வெட்டாமல் உரசும், சூடேறும், அப்பிக்கொள்ளும், முறியும். வேகம் வேண்டாமென்றால் சுற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

லேசர் வாங்க நினைப்பவர்கள் வகையைப் பார்க்க வேண்டும். கார்பனீரொட்சைட்டு லேசரின் ஒளியை அலுமினியம் கண்ணாடிபோலத் திருப்பியனுப்பும். பைபர் லேசரின் அலைநீளம் அதில் பத்தில் ஒரு பங்கு, அந்த ஒளியை அலுமினியம் ஓரளவு உறிஞ்சும். ஓரம் சுத்தமாக வர வெட்டும் இடத்தில் நைதரசன் வாயுவை ஊத வேண்டும். விலையும் அதிகம். நடுவில் பிளாஸ்டிக் உள்ள இரட்டைத் தகட்டை லேசரில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

ரவுட்டரில் சீவலை ஊதித்தள்ளக் கம்பிரசர் தேவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே வளியமுக்கம் கொழும்பில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அதே கம்பிரசர் ஒவ்வோர் இழுப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குறைவாகவே உள்ளே எடுக்கும். ஹட்டன் அவ்வளவு உயரமில்லை, ஆனாலும் கொழும்புக் கடையில் சொல்லும் அளவை நம்பாமல் ஒரு படி பெரியதாக வாங்கச் சொன்னேன். மூடுபனிக் காற்றை அமுக்கினால் நீர் ஒடுங்கித் தாங்கியின் அடியில் சேரும். தம்பி இப்போது தினமும் காலையில் மெஷினைப் போடுமுன் அடிவால்வைத் திறந்து அந்த நீரை வடித்துவிடுகிறார். ஈரம் பட்ட தகட்டில் எழுத்து ஸ்டிக்கர் பிடிக்காது.