புளூடூத் மிடி: சொல்லும் பொருளும் தமிழும்

புதிய கீபோர்டுகளின் பெட்டியில் ‘புளூடூத்’ என்ற ஒற்றைச் சொல் அச்சாகியிருக்கும். அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று புளூடூத் ஆடியோ, மற்றது புளூடூத் மிடி. யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900இல் இருப்பது ஆடியோ மட்டும். கோர்க் மைக்ரோகீ ஏரில் இருப்பது மிடி மட்டும். ரோலண்ட் கோ:கீஸில் இரண்டும் உண்டு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் பிறகு தவிக்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

முதலில் மிடி. ‘மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்’ என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது இது. 1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சின்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி, இன்னொரு நிறுவனத்தின் சின்தசைசரோடு பேசாது. அமெரிக்கச் சின்தசைசர் வடிவமைப்பாளர் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ ககேஹாஷியும் பொது மொழி ஒன்று வேண்டும் என்று முனைந்தார்கள். 1983 ஜனவரியில் ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் இரு வேறு நிறுவனக் கருவிகளை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2013இல், இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

மிடியில் ஒலி போவதில்லை. இதை மனத்தில் ஊன்றிக்கொண்டால் பாதிச் சிக்கல் விலகிவிடும். கீபோர்டின் கட்டையை அழுத்தியதும் மூன்று பைட்டுகள் மட்டுமே கிளம்புகின்றன: ‘அழுத்தப்பட்டது’ என்ற கட்டளையும் தடத்தின் எண்ணும் சேர்ந்த ஒரு பைட்டு, எந்தக் கட்டை என்று ஒரு எண், எவ்வளவு வேகமாக என்று ஒரு எண். நடு ‘சி’யின் எண் 60. எண்கள் 0 முதல் 127 வரை. பழைய ஐந்து முள் கம்பியில் நொடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்துப் பத்து பிட் என்பதால், மூன்று பைட்டுகள் போக ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. அந்தக் கட்டளையைப் பெறும் கருவிதான் ஒலியை உண்டாக்குகிறது. ஒரே வாசிப்பை பியானோவாகவும் புல்லாங்குழலாகவும் மாற்றிக் கேட்க முடிவது இதனால்தான்.

‘மிடி’ என்று தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. நம் மொழியில் மிடி என்றால் வறுமை, துன்பம். மிடிமை என்பதும் அதன் வழிச் சொல்லே. ‘இசைக்கருவி எண்ணிம இடைமுகம்’ என்று முழுதாகப் பெயர்க்கலாம். பொருளில் பிழையில்லை, ஆனால் மேடையில் நின்று யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மிடியில் ஓடுவது கட்டளை என்பதால் ‘இசைக்கட்டளை’ என்ற சொல்லை முன்வைக்கிறோம். வாயில் நிற்கிறது, வேலையையும் சொல்கிறது.

அடுத்தது புளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு கோர்ம்சன் என்ற மன்னனின் பட்டப்பெயர் ‘புளோதாண்டு’, அதாவது நீலப்பல். சிதறிக் கிடந்த டேனிஷ் குழுக்களை ஒன்றாக்கியவன் என்று பெயர் பெற்றவன். 1997இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக், கணினியையும் கைபேசியையும் சேர்த்துவைக்கும் நுட்பத்துக்குத் தற்காலிகமாக இந்தப் பெயரைச் சொன்னார். அதிகாரப்பூர்வமாக நினைத்திருந்த வேறு பெயர்கள் வணிகக் குறியாகப் பதிவு செய்யத் தோதுப்படவில்லை. 1998இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்தும் கூட்டமைப்பு தொடங்கியபோது தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. கைபேசியில் காணும் அந்தச் சின்னம் மன்னனின் பெயரிலுள்ள இரண்டு முதலெழுத்துகளை, ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியது.

இதற்குத் தமிழில் ‘ஊடலை’ என்ற சொல் பகிரப்பட்டு வருகிறது. ஊடு + அலை என்று பிரிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பொருள் வைஃபைக்கும் வானொலிக்கும் அப்படியே பொருந்தும். ‘ஊடலை மறந்தாள்’ என்று படித்த கண்ணுக்கு அது ஊடலின் இரண்டாம் வேற்றுமையாகத்தான் தெரியும். மன்னன் பெயரை நீலப்பல் என்று பெயர்ப்பதும் வீண். ஆள் பெயரை நாம் மொழிபெயர்ப்பதில்லை. புளூடூத் என்றே எழுதுவோம். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கம்பியில்லா’ என்ற அடைமொழி இருக்கிறது. கம்பியில்லாத் தந்தி வந்த காலத்திலேயே தமிழுக்கு வந்துவிட்ட சொல் அது. ஆக, புளூடூத் ஆடியோ என்பது கம்பியில்லா ஒலி, புளூடூத் மிடி என்பது கம்பியில்லா இசைக்கட்டளை.

இப்படிப் பிரித்துச் சொன்னதும் நடைமுறை விளங்கிவிடும். கம்பியில்லா ஒலி என்பது பெரும்பாலான கீபோர்டுகளில் ஒருவழிப் பாதை. கைபேசியில் ஓடும் பாட்டு கீபோர்டின் ஸ்பீக்கரில் கேட்கும், அதோடு சேர்ந்து வாசிக்கலாம். கீபோர்டின் ஒலியை புளூடூத் ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி அதில் இருக்காது. அனுப்பினாலும் பயனில்லை. ஒலியைச் சுருக்கி, சேமித்து, விரிக்க 100 முதல் 200 மில்லி நொடி வரை, சில ஹெட்போன்களில் அதற்கு மேலும் ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடியைக் கால் கால் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லி நொடி. அடுத்த சுரத்தை விரல் தொடும் வேளையில்தான் முந்தைய சுரம் காதில் விழும். அப்படி யாராலும் வாசிக்க முடியாது. ஹெட்போனுக்குக் கம்பியே சரி.

இசைக்கட்டளைக்கு இந்தத் தாமதம் இல்லை. அது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் வகையில் போகிறது. ஆப்பிள் 2014இல் ஐஓஎஸ் 8இலும் மேக் கணினிக்கான யோசெமிட்டி இயங்குதளத்திலும் இதைக் கொண்டுவந்தது, 2015இல் பொதுத் தரமாயிற்று. இரு கருவிகளும் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு இடைவெளி 7.5 மில்லி நொடி வரை குறையலாம். ஒவ்வொரு கட்டளையோடும் நேர முத்திரையும் போகும். வழக்கமான தாமதம் பத்து, பதினைந்து மில்லி நொடி அளவில் நிற்கும். நான்கைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வந்துசேரும் நேரம் அது.

இணைக்கும்போது பலரும் இடறுவது ஒரே இடத்தில். கைபேசியின் புளூடூத் அமைப்புப் பக்கத்தில் போய் இணைக்கிறார்கள். ஆடியோவுக்கு அது சரி, மிடிக்கு அது தவறான வாசல். மிடியை இசைச் செயலிக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். ஐபோனின் கராஜ்பேண்டில் அமைப்புகளுக்குள் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் புளூடூத் மிடி கருவிகளின் பட்டியல் இருக்கும். மேக் கணினியில் ‘ஆடியோ மிடி செட்டப்’ செயலியில் உண்டு. கேசியோவின் டபிள்யூயூ-பிடி10 அடாப்டரில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒரே துண்டு, ஆடியோ என்றும் மிடி என்றும் இரண்டு பெயர்களில் தோன்றும். ஆடியோவைக் கைபேசி அமைப்பிலும் மிடியைச் செயலியிலும் இணைக்க வேண்டும். தவறுதலாக அமைப்புப் பக்கத்தில் இணைத்துவிட்டால் அங்கே அதை மறக்கச் செய்து, புளூடூத்தை அணைத்துப் போட்டு, செயலியில் மறுபடி தேடுங்கள்.

ஆண்ட்ராய்டில் கருவி பட்டியலில் வரவே இல்லையென்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத் தேடலுக்கு இருப்பிட அனுமதி தேவை. 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி. இன்னொரு காரணம், கருவி ஏற்கெனவே பக்கத்து டேப்லெட்டோடு இணைந்திருப்பது. பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் சேரும்.

ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி இரட்டையாக, குழாய்க்குள் பேசுவதுபோலக் கேட்டால், கீபோர்டு தானும் ஒலிக்கிறது, செயலி திருப்பி அனுப்பும் கட்டளைக்கும் ஒலிக்கிறது என்று பொருள். கீபோர்டில் ‘லோக்கல் கண்ட்ரோல்’ என்பதை அணைத்தால் தீரும். சுரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால், கட்டையை விட்ட செய்தி போகுமுன் இணைப்பு அறுந்திருக்கிறது. செயலியின் ‘பேனிக்’ பொத்தான் எல்லாவற்றையும் நிறுத்தும். இணைப்பு அடிக்கடி அறுவதற்கு நெரிசல் ஒரு காரணம். புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தேவலை.

புளூடூத் இல்லாத பழைய கீபோர்டை ஒதுக்க வேண்டாம். ஐந்து முள் துளைகள் இருந்தால் யமஹா எம்டி-பிடி01 போன்ற அடாப்டரைச் செருகலாம், மின்சாரத்தை அந்தத் துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி மட்டும் இருந்தால் யுடி-பிடி01, அதற்குத் தனி மின்சாரம் வேண்டும்.

கடைசியாகக் கட்டை. இந்தக் குறிப்பு முழுக்க ‘விசை’ என்று எழுதாமல் கட்டை என்றே எழுதியிருக்கிறோம். கணினிக்கு விசைப்பலகை பொருத்தமான சொல். இசைக்கு ஆர்மோனியத்தோடு புழங்கிய கட்டை இருக்கும்போது வேறு சொல் எதற்கு? பாடகரிடம் சுருதி கேட்டால் ‘ஐந்தரைக் கட்டை’ என்கிறார். ஒன்று ‘சி’, ஒன்றரை ‘சி ஷார்ப்’, இரண்டு ‘டி’, இரண்டரை ‘டி ஷார்ப்’, மூன்று ‘ஈ’, நான்கு ‘எஃப்’, நாலரை ‘எஃப் ஷார்ப்’, ஐந்து ‘ஜி’, ஐந்தரை ‘ஜி ஷார்ப்’, ஆறு ‘ஏ’, ஆறரை ‘ஏ ஷார்ப்’, ஏழு ‘பி’. வெள்ளைக் கட்டைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. மூன்றரை இல்லாதது ஈக்கும் எஃப்புக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால். நடு ‘சி’யில் தொடங்கினால் ஒரு கட்டையின் மிடி எண் 60, ஐந்தரைக் கட்டையின் எண் 68. ஒரு கட்டையில் பழகிய பாட்டை ஐந்தரைக்கு ஏற்ற, எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரே அளவில் நகர்த்தும் டிரான்ஸ்போஸில் எட்டு கூட்டுங்கள், அல்லது நான்கு குறைத்துக் கீழ் ஸ்தாயியில் வையுங்கள். கீபோர்டு, செயலி இரண்டில் ஒன்றில் மட்டும் மாற்றுங்கள். டிரான்ஸ்போஸ் செய்த எண்ணையே மிடியில் அனுப்பும் கீபோர்டாக இருந்து, இரண்டிலும் மாற்றினால், செயலியின் சுருதி இரண்டு மடங்கு நகர்ந்துவிடும்.